வராதவர்களின் வழக்கு

வியாழக்கிழமைகளில்தான் கமலேஸ்வரிக்கு முகம் கொடுத்துக் கதைக்க ஆட்கள் இருந்தார்கள். மற்ற நாட்களில் ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் பதினோராம் மாடி வீட்டில் தனியாக இருந்தாள். முதியோர் இல்லமொன்றில் இருபத்தாறு வருடம் ஆட்களைத் தூக்கிப் படுத்தி, தூக்கி இருத்தி, முழங்கால் தேய்ந்து ஓய்வுக்கு வந்தவள். கணவர் குகநேசன் அவளை விட்டுப் போய் வேறு கல்யாணமும் செய்து பதினொரு வருடமாகிவிட்டது. மகள் ஹம்சிகா துறொன்ஹைமில் வேலை. ஞாயிறு பின்னேரம் அழைப்பாள். பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். பிழை மகளில் இல்லை. சொல்வதற்கு இவளிடம் அதிகம் இல்லை.

வியாழக்கிழமைகளில் அவள் சமரசக் குழுவில் இருந்தாள். ஒஸ்லோவில் அயல்வீட்டுச் சண்டை, வாடகைப் பிணக்கு போன்ற வழக்குகளில் பெரும்பாலானவை நீதிமன்றப் படி ஏறமுதல் இந்தக் குழுவைத் தாண்ட வேண்டும். மூன்று சாதாரண ஆட்கள் மேசையில் இருப்பார்கள். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. மாநகரசபை தெரிவு செய்து அனுப்பும். இரண்டு பக்கமும் வந்தால் பேசி இணக்கப் பார்ப்பார்கள். எதிராளி பதிலும் எழுதாமல், ஆளும் வராமல் விட்டால், கேட்டவர் பக்கம் தீர்ப்பு எழுதலாம்.

வராதவர்களே அதிகம். ஒரு காலையில் பத்து வழக்கென்றால் ஏழில் எதிர்ப்பக்கக் கதிரை வெறுமையாகக் கிடக்கும். குழுத் தலைவர் மார்க்கஸ், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கோப்பைத் திறந்து, அழைப்பு ஒழுங்காகக் கிடைத்ததா என்று பார்த்து, தேதியைச் சரிபார்த்து, மற்ற இருவரின் முகத்தையும் பார்ப்பார். தலையாட்டுவார்கள். ஏழு நிமிடம்.

அந்தத் தை மாதம் ஒரு சீர்திருத்த முன்மொழிவு கருத்துக் கேட்டு வந்திருந்தது. வராதவர்களின் வழக்குகளுக்கு இனி அமர்வே வேண்டாம், அலுவலக எழுத்தர் ஒருவரே கோப்பைப் பார்த்துத் தீர்த்துவிடலாம் என்பது அதன் சாரம். நேரம் மிச்சம், வழக்கும் ஆறின கஞ்சி பழங்கஞ்சியாகாது. உறுப்பினர் கூட்டத்தில் யாருக்கு ஆட்சேபம் என்று மார்க்கஸ் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. கமலேஸ்வரியும்தான். வெறும் கதிரையோடு யார்தான் சமரசம் பேசுவது?

மாசி மாதத்து முதல் வியாழன், நான்காவது கோப்பைத் திறந்ததும் அவளுக்குக் கை நின்றுவிட்டது. மோர்டென்ஸ்ருட்டில் ஒரு குடியிருப்புச் சங்கம். மாடிப்படி முழுவதற்கும் தண்ணீர்க் குழாய் மாற்ற வேண்டும். ஒரு வீட்டுக்காரர் மட்டும் கதவு திறக்கவில்லை, கடிதத்துக்குப் பதில் இல்லை, எட்டு மாதமாக வேலை நிற்கிறது. கதவைத் திறக்கும்படி தீர்ப்புக் கேட்கிறார்கள். இதற்கும் மசியாவிட்டால் வீட்டை விற்று வெளியேறச் சொல்லப்போகிறோம் என்றும் எழுதியிருந்தது. எதிராளியின் பெயர்: புளோறன்ஸ் யோசேப்பு.

புளோறன்ஸ் அக்கா. ஒஸ்லோவுக்கு வந்த புதிதில் ஒரே அறையில் ஒரே போர்வைக்குள் கிடந்தவர்கள். ஹம்சிகா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நின்றது புளோறன்ஸ்தான். பிறகு குகநேசன் இரண்டாம் கல்யாணம் செய்தபோது புளோறன்ஸும் கணவர் யோசேப்பும் அந்த விருந்துக்குப் போனார்கள். படமொன்றில் புளோறன்ஸ் நீலப் பட்டோடு இரண்டாவது வரிசையில் நின்றதைக் கமலேஸ்வரி பார்த்தாள். அன்றோடு பேச்சு விட்டது. நான்கு வருடத்துக்கு முன் யோசேப்பு செத்தபோதும் இவள் போகவில்லை.

"எனக்கு இவரைத் தெரியும்" என்றாள் மார்க்கஸிடம்.

"நண்பரா?"

"இல்லை."

"பகையா?"

"முன்பு நண்பர்" என்றாள்.

"அப்படியென்றால் இந்த வழக்கில் நீங்கள் இருக்க முடியாது." மார்க்கஸ் அதை அன்பாகத்தான் சொன்னார். மாற்று உறுப்பினரைக் கூப்பிட்டார்கள். கமலேஸ்வரி வெளியே நடைபாதையில் போய் இருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே சங்கத் தலைவர் இரண்டு கையையும் விரித்து ஏதோ சொல்வது தெரிந்தது. எதிரே கதிரை. சட்டை தொங்கவிடவும் ஆளில்லாத கதிரை. ஏழு நிமிடத்தில் கதவு திறந்தது.

மதியம் கோப்பி குடிக்கும்போது மார்க்கஸைக் கேட்டாள்: "நான் போய் அவரிடம் சொல்லலாமா? ஒரு மாதத்துக்குள் வழக்கைத் திரும்பத் திறக்கக் கேட்கலாம் என்று?"

மார்க்கஸ் கோப்பையைக் கீழே வைத்தார். "குழு உறுப்பினராகப் போக முடியாது. ஆனால் இந்த வழக்கில் நீங்கள் உறுப்பினர் இல்லையே. தெருவில் போகிற ஒருவர். தெருவில் போகிறவர் யார் கதவையும் தட்டலாம்."

சனிக்கிழமை போனாள். ட்வெய்ட்டாவிலிருந்து ஒரு தரிப்பு, ஹெல்லெருட்டில் இறங்கி மாறினால் பிறகு மோர்டென்ஸ்ருட் கடைசித் தரிப்பு வரைக்கும் ஒரே ரயில். இவ்வளவு கிட்ட இருந்திருக்கிறாள். மணியடித்தாள், திறக்கவில்லை. திங்களும் போனாள். உள்ளே தரையில் செருப்புத் தேயும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. இவளுக்குக் கோபம் வந்தது. பதினொரு வருடம் கோபித்திருக்க வேண்டியது நானா இவளா? ஒரு தாளில் "தீர்ப்பு வந்திட்டுது, கவனம்" என்று எழுதி, கதவின் கடிதத் துவாரத்தால் போட நினைத்து, கீழே பார்த்தாள். துவாரத்தில் கடிதங்கள் அடைந்துபோய் நின்றன. தாள் உள்ளே போகவில்லை.

மூன்றாவது தடவை, புதன்கிழமை, மணியை அடிக்காமல் கதவில் வாயை வைத்துக் கூப்பிட்டாள்.

"அக்கா! நான் கமலம். கமலேஸ்வரி. கதவைத் திறவுங்கோ."

பூட்டு உடனே திரும்பியது.

புளோறன்ஸ் மெலிந்திருந்தாள். வாயின் வலது ஓரம் சற்றே கீழே இழுபட்டிருந்தது. கமலேஸ்வரி எத்தனையோ முகங்களில் கண்ட இழுப்பு அது. விசாரிக்க முன்னமே விளங்கிவிட்டது.

"எப்ப வந்தது அக்கா?"

"போன சித்திரையிலை. சின்னன்தான் எண்டவை. கையும் காலும் சரி, பார்." விரல்களை மடக்கிக் காட்டினாள். "வா, உள்ளுக்கு வா. மணியடிச்சது நீயோ? நான் பைப் பெடியன்களாக்கும் எண்டு நினைச்சன்."

"ஏன் அவங்களுக்குத் திறக்கேல்லை? உங்களிலை வழக்கு வைச்சிருக்கினம், தெரியுமோ?"

புளோறன்ஸ் குசினிக்குள் போய்க் கேத்தலில் தண்ணீர் பிடித்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்:

"எனக்கு நொர்ஸ்க் போட்டுது, கமலம்."

"என்ன?"

"போட்டுது. நொர்வே பாசை முழுக்க. முப்பத்தைஞ்சு வருசமாக் கதைச்சது. அவங்கள் வாயைத் திறந்தால் எனக்கு மழை பெய்யிற சத்தம் மாதிரித்தான் கேக்குது. கடிதத்தைப் பாத்தால் எழுத்துத் தெரியுது, சொல்லு வரேல்லை. 'யா', 'தக்' எண்டு, ஓமும் நன்றியும் மட்டும் கிடக்கு. ஆஸ்பத்திரியிலை எல்லாத்துக்கும் 'யா' எண்டனான். விட்டிட்டினம்."

கமலேஸ்வரி முதியோர் இல்லத்தில் இப்படி இரண்டு பேரைக் கண்டிருக்கிறாள்; பக்கவாதம் வந்து இரண்டாவது மொழி துடைத்துப் போய், பிறந்த மொழி மட்டும் மிஞ்சியவர்கள்.

"ஜெறோமுக்குச் சொன்னனீங்களே?" ஜெறோம் புளோறன்ஸின் ஒரே மகன்; மெல்பேர்ணில் இருக்கிறான்.

"அவனோடை தமிழிலைதானே கதைக்கிறன். ஒண்டும் தெரியாது. சொன்னால் வந்து நிப்பான், வேலையும் போகும்." கேத்தல் கொதித்து நின்றது. "ஆக்களைக் காண வெக்கமாக் கிடக்கு, கமலம். கடைக்குப் போறன், சாமானை எடுத்து வைக்கிறன், அந்தப் பிள்ளை ஏதோ கேக்குது, நான் 'யா' எண்டுறன். கோயிலுக்கும் போறேல்லை. தமிழ்ப் பூசையிலை தமிழ்தான், ஆனால் சனம் இடையிலை நொர்ஸ்கைக் கலந்துதானே கதைக்குது."

தேநீர் குடித்தார்கள். கமலேஸ்வரி துவாரத்திலிருந்து கடிதங்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்துத் தேதி வாரியாக அடுக்கினாள். சங்கத்தின் கடிதம், மறு கடிதம், அழைப்பு, கடைசியாகத் தீர்ப்பு. ஆஸ்பத்திரியின் மறு பரிசோதனைக் கடிதமும் இருந்தது. எல்லாமே ஒழுங்காக, சரியான விலாசத்துக்கு, சட்டம் சொன்னபடிதான் வந்திருந்தன.

எழும்பும்போது, எத்தனையோ வருடம் நெஞ்சுக்குள் உருட்டி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"அக்கா, அண்டைக்கு ஏன் போனனீங்கள்? அவற்றை ரெண்டாம் கல்யாணத்துக்கு?"

புளோறன்ஸ் அவளை நேராகப் பார்த்தாள். "யோசேப்பு போகவேணும் எண்டவர். குகநேசன்தானே அவருக்கு முதல் வேலை எடுத்துக் குடுத்தது. போனன், சாப்பிட்டன், வந்தன். உனக்கு அது கத்தியாலை குத்தினமாதிரி இருக்கும் எண்டு தெரியும். தெரிஞ்சுதான் போனனான். இப்பவும் அவர் உயிரோடை இருந்து கேட்டால் போவன்."

மன்னிப்பு வரும் என்று எதிர்பார்த்திருக்கிறோம் என்பதே அந்த நேரத்தில்தான் கமலேஸ்வரிக்குத் தெரிந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். ரயிலில் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். எதிரே இருந்த பெண் மரியாதைக்காகத் தன் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருந்தும் வெள்ளிக்கிழமை திரும்பப் போனாள். குடும்ப வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போய் மருத்துவக் கடிதம் எடுத்தாள். வழக்கைத் திரும்பத் திறக்கும்படி அவளே மனு எழுதினாள். வர முடியாமற்போனதற்கு ஏற்கத்தக்க காரணம் இருந்தது என்று விதியில் இருந்த சொற்களாலேயே எழுதினாள். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்ல, புளோறன்ஸ் கேட்டுக் கடைசியில் கையெழுத்து வைத்தாள். தவணைக்கு ஒன்பது நாள் மிச்சம் இருந்தது.

வழக்கு திறந்தது. பங்குனிக் கடைசியில் வேறொரு குழுவின் முன் மொழிபெயர்ப்பாளரோடு அமர்வு நடந்தது. கமலேஸ்வரி பின்வரிசையில் பார்வையாளராக இருந்தாள். காரணத்தைக் கேட்டதும் சங்கத் தலைவரின் முகம் சிவந்துவிட்டது. "நாங்கள் நினைத்தது…" என்று தொடங்கி முடிக்காமல் விட்டார். அவரும் கெட்டவரல்ல, கீழ்வீட்டுக் கூரையால் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. இருபது நிமிடத்தில் இணக்கம் எழுதினார்கள். உயிர்ப்பு ஞாயிறு முடிந்ததும் குழாய் வேலை, வீட்டு விற்பனைப் பேச்சு கைவிடப்படும்.

வேலை நடந்த நான்கு நாளும் கமலேஸ்வரி மோர்டென்ஸ்ருட்டில் நின்றாள். குழாய்க்காரர் கேட்பதைத் தமிழில் சொல்வதும், புளோறன்ஸ் சொல்வதைத் திருப்பிச் சொல்வதுமாக நாள் போனது. மத்தியானம் இரண்டு பேரும் குறொன்லாண்ட் கடைத்தெருவில் வாங்கி வந்த முருங்கைக்காயும் கணவாயும் சமைத்துச் சாப்பிட்டார்கள். பழைய கதை எதையும் எடுக்கவில்லை. நான்காம் நாள் புளோறன்ஸ் தானாகவே ஜெறோமுக்கு எடுத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வைகாசியில் வந்து, ஆடியில் தாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். விமான நிலையத்தில் புளோறன்ஸ் இவளைக் கட்டிப் பிடிக்கவில்லை. கன்னத்தை ஒருமுறை தடவி, "முழங்காலைப் பார்" என்றாள்.

இதற்கிடையில், அந்தச் சீர்திருத்த முன்மொழிவுக்குக் கருத்துச் சொல்லும் கடைசித் தேதி சித்திரையில் வந்தது. யாரும் எழுதலாம். கமலேஸ்வரி மூன்று நாள் இருந்து ஒன்றரைப் பக்கம் எழுதினாள். யாருடைய பெயரும் போடவில்லை. வராதவர் எல்லாரும் மறுப்பவர் அல்லர் என்று எழுதினாள். கடிதம் போய்ச் சேர்ந்தது வேறு, ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது வேறு என்று எழுதினாள். தீர்ப்புக்கு முன் ஒரு தடவையாவது ஓர் ஆள் இன்னோர் ஆளைத் தேடிப் போகட்டும், அல்லது தொலைபேசியிலாவது கூப்பிடட்டும் என்று முடித்தாள். மார்க்கஸிடம் காட்டினாள். அவர் இரண்டு எழுத்துப் பிழை திருத்தித் தந்து, "நானும் அன்று ஆட்சேபம் சொல்லவில்லையே" என்றார். ஆனால் அவர் தன் பெயரைச் சேர்க்கவில்லை.

கருத்துகளின் தொகுப்பு ஐப்பசியில் வெளியானது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். சட்டத்தரணிகள், வங்கிகள், பல்கலைக்கழகத்தார் எல்லாருக்கும் பந்தி பந்தியாக இடமிருந்தது. தன்னுடையதைத் தேடிக் கண்டுபிடிக்கக் காலை பத்து மணியாகிவிட்டது. எண்பத்தேழாம் பக்கத்தில் ஒன்றரை வரி. தீர்ப்புக்கு முன் வராதவரோடு நேரில் தொடர்புகொள்ள வேண்டும் என ஒரு தனிநபர் கருதுகிறார். அதற்கான ஆள்பலம் இல்லை. அவ்வளவுதான்.

மெல்பேர்ணில் அப்போது இரவுச் சாப்பாட்டு நேரமாகியிருக்கும். இருந்தும் எடுத்தாள்.

"அக்கா, நான் எழுதினது புத்தகத்திலை வந்திருக்கு."

"உன்ரை பேரோடையோ?"

"இல்லை. 'ஒரு தனிநபர்' எண்டு போட்டிருக்கினம்."

புளோறன்ஸ் சிரித்தாள். பின்னால் கோப்பைகள் தட்டுப்படும் சத்தமும், ஜெறோமின் சின்னப் பிள்ளைகள் இங்கிலீசில் ஏதோ கத்துவதும் கேட்டது. "இஞ்சை இவையள் கதைக்கிறதும் எனக்குப் பாதி விளங்கேல்லை, கமலம். சிரிச்சுக்கொண்டு இருக்கிறன்." பிறகு, "சாப்பிடக் கூப்பிடுகினம், வைக்கட்டே?" என்றாள்.

"ஓம் அக்கா, வையுங்கோ."

தொலைபேசியை மேசையில் வைத்தாள். வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. நாளைக்கு வியாழன், ஒன்பது கோப்பு வந்திருந்தன. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலாவது கோப்பைத் திறந்து, எதிராளியின் தொலைபேசி இலக்கம் எங்காவது எழுதியிருக்கிறதா என்று தேடினாள்.