எழுபத்தைந்து சதவீதம்

நிமிக்கு வேலை கிடைத்த அன்று அவளுடைய அம்மா செபமாலையம்மாள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். வண்டிப்பெரியாருக்கு மேலே, போன் சிக்னல் வந்து வந்து போகும் ஒரு எஸ்டேட். மூன்றாவது தடவை அழைத்தபோதுதான் கிடைத்தாள். கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை, நிரந்தர வேலை என்று நிமி சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "வீடு குடுப்பாகளா தாயி?"

அந்தக் கேள்விக்குக் காரணம் இருந்தது. அப்பா மிக்கேல்ராஜ் தேயிலை பாக்டரியிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிவிட்டது. எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் லயத்து வீடு இப்போது அம்மாவின் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. வருகிற மே மாதம் அம்மாவுக்கும் வயது முடிகிறது. வீட்டில் எஸ்டேட் வேலைக்குப் போகும் ஆள் இல்லையென்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டியதுதான்.

"வீடு தர மாட்டாங்கம்மா. நான் வாடகைக்கு எடுத்துருவேன்."

"அப்ப மே மாசம் சாமானக் கட்டிர வேண்டியதுதான்" என்றாள் அம்மா. மகிழ்ச்சி அந்தக் குரலில் அப்படித்தான் தெரிந்தது.

நிமி ஹைதராபாத்தில் ஏழு வருஷம் படித்துப் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கியிருந்தாள். தோட்டங்களில் பெண்களுக்கு எடைக்குக் கூலி கொடுக்கும் முறையைப் பற்றி முந்நூறு பக்க ஆய்வு. வாய்மொழித் தேர்வு முடிந்ததும் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எழுந்து நின்று அவளுக்குக் கை கொடுத்தார். இனி வாழ்க்கை அந்த அறையைப் போலத்தான் இருக்கும் என்று அவள் நம்பியிருந்தாள்.

கல்லூரி கிழக்குப் பாலக்காட்டில், பொள்ளாச்சி சாலையில் இருந்தது. முதல் வாரத்திலேயே அவளுக்கு வாரம் பதினெட்டு மணி நேர வகுப்பு கொடுத்தார்கள். அதில் பாதி அவள் எம்.ஏ.வுக்குப் பிறகு தொட்டே பார்க்காத பாடங்கள். தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்று ஐந்து வருஷக் கோப்புகளை அடுக்கும் வேலை, இரண்டாம் வருஷ வகுப்பின் ட்யூட்டர் பொறுப்பு, சேவை முகாம் பொறுப்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. புதிதாக வந்தவர்கள்தான் இதெல்லாம் பார்ப்பது வழக்கம் என்றார்கள். இரண்டு வருஷம் ப்ரொபேஷன். அதற்குள் முகம் சுளிக்க முடியாது.

துறைத்தலைவர் ஜின்சன் மற்ற எல்லோரிடமும் மலையாளத்தில் பேசுவார். நிமியிடம் மட்டும் தமிழில். அவள் பள்ளி முழுக்க மலையாள மீடியத்தில் படித்தவள். மலையாளத்திலேயே பதில் சொல்லுவாள். அவர் மறுபடி தமிழிலேயே தொடருவார். ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும், "டீச்சர் எஸ்டேட்காரங்க, தமிழ்தான் அவங்களுக்கு சுகம்" என்று சிரித்தார். யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளும் சிரித்து வைத்தாள்.

வகுப்பிலும் தடுமாற்றம்தான். கருத்தரங்கில் பேசுவதுபோலப் பேசினாள். பிள்ளைகள் பேனாவை மூடிவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மதியம் நடைவழியில் வரும்போது வகுப்புக்குள் ஒருவன் அவளைப் போலவே இழுத்து இழுத்து "புரிஞ்சுச்சா, புரிஞ்சுச்சா" என்று பேசிக்காட்ட, மற்றவர்கள் மேசையைத் தட்டிச் சிரிப்பது கேட்டது. அவள் நின்று, சிரிப்பு அடங்கும்வரை நோட்டீஸ் போர்டைப் படிப்பதுபோல் இருந்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு வருகைப் பதிவேட்டை விரித்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எழுப்பிக் கணக்கெடுத்தாள். அது ஒன்றுதான் எல்லோரையும் உட்கார வைத்தது. அதன் பிறகு தினமும் அப்படியே செய்தாள்.

யோகப்பிரியா அந்த இரண்டாம் வருஷ வகுப்பில் கடைசிக்கு முந்தின பெஞ்சில் இருப்பாள். மாந்தோப்புகள் நிறைந்த முதலமடையின் தமிழ்ப் பெண். நவம்பரில் ஒருநாள் கூலி முறைகளைப் பற்றிய பாடம். எண்ணிக்கைக்குக் கூலி கொடுத்தால் வேலை வேகமாக நடக்கும், வேகமாகச் செய்கிறவருக்கு லாபம் என்று புத்தகத்தில் உள்ளதைச் சொல்லி முடித்தபோது யோகப்பிரியா எழுந்தாள்.

"மிஸ், ஒரு சந்தேகமுங்க. மாங்கா மண்டியில பொட்டிக்கு இவ்வளவுன்னுதான் கூலி. வேகமா செஞ்சு காட்டினா அடுத்த சீசனுக்குப் பொட்டி ரேட்டக் கொறச்சிர்றாங்க. அதனால எங்கம்மாவெல்லாம் பேசி வச்சுட்டு வேணும்னே மெதுவாத்தான் செய்வாங்க. அது புக்குல இருக்குதுங்களா?"

நாற்பத்திரண்டு பெண்களிடம் பேட்டி எடுத்து, நான்கு வருஷம் கழித்து நிமி வந்து சேர்ந்த இடம் அது. அவளுடைய ஆய்வின் மூன்றாம் அத்தியாயம்.

"இருக்கு. ஆனா இந்தப் புக்குல இல்ல" என்றாள்.

அன்றிலிருந்து அவள் அந்த ஒரு முகத்துக்காகவும் வகுப்பைத் தயார் செய்தாள். நூலகத்திலிருந்து இரண்டு புத்தகங்கள் எடுத்துக் கொடுத்தாள். யோகப்பிரியா அவற்றைப் படித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் கேள்விகள் எழுதிக் கொண்டுவந்தாள். எம்.ஏ. படிக்க ஹைதராபாத் போகலாம் என்று நிமி சொன்னபோது, "அங்க நம்ம பாஷ பேசறவங்க இருப்பாங்களா மிஸ்?" என்று மட்டும் கேட்டாள்.

ஜனவரியில் மாங்காய் சீசன் தொடங்கியது. யோகப்பிரியா வாரத்துக்கு மூன்று நாள் வரவில்லை. பிப்ரவரியில் நான்கு நாள். நிமி கூப்பிட்டுக் கேட்டாள்.

"அம்மாவுக்குக் கையி ரெண்டும் மாங்காப் பாலு பட்டு வெந்து போச்சுங்க. தரம் பிரிக்க முடியறதில்ல. நாங்கூடப் போகாட்டி அவுங்க எடத்துல வேற ஆளப் போட்ருவாங்க. எடம் போச்சுன்னா அடுத்த சீசனுக்கும் கூப்பிட மாட்டாங்க மிஸ்."

"அட்டெண்டன்ஸ் எழுபத்தஞ்சு சதவீதம் வேணும். தெரியுமில்ல?"

"தெரியுமுங்க. மார்ச்சுல வந்துருவனுங்க."

மார்ச்சில் ஒரு வாரம் கழித்து வந்தாள். ஆனால் போதவில்லை. தொண்ணூறு வேலை நாளில் அறுபத்தெட்டு நாள் வேண்டும். பத்து நாள்வரை குறைந்தால் பிரின்சிபல் மன்னிக்கலாம். யோகப்பிரியாவுக்கு ஐம்பத்தாறு. நிமி பதிவேட்டை மூன்று தடவை எண்ணினாள். அந்த மன்னிப்புப் போகவும் இரண்டு நாள் குறைந்தது. வராத நாளுக்கெல்லாம் தன் கையால் போட்ட சிவப்புக் கோடுகள்தான். மற்ற ஆசிரியர்கள் அப்படியெல்லாம் தினமும் எண்ணுவதில்லை என்பதும், மாதக் கடைசியில் உத்தேசமாக நிரப்பிவிடுவார்கள் என்பதும் அப்போதுதான் அவளுக்குத் தெரிய வந்தது.

ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலிக்காரி ஜிஸ்மி. ஆறு வருஷமாக அங்கே கெஸ்ட் லெக்சரர். வருஷாவருஷம் புதுப்பித்தால்தான் வேலை. அவள் பதிவேட்டை எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு நாள்தானே? பிப்ரவரி முகாம் லிஸ்ட்ல பேரச் சேர்த்துரு. முகாம் நாளெல்லாம் வந்ததாத்தான் கணக்கு. நீதானே அதுக்கு இன்சார்ஜ்?"

"அவ முகாமுக்கு வரலயே."

"லிஸ்ட்ல அம்பது பேரு இருக்கு. எத்தன பேரு வந்தாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"பொய்யா எழுதச் சொல்றீங்களா? ப்ரொபேஷன்ல இருக்கேன். என் கையெழுத்து அது."

ஜிஸ்மி பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினாள். "சரி" என்று சொல்லிவிட்டு விடைத்தாள் கட்டுக்குத் திரும்பினாள். தான் சரியாகத்தான் பேசினோம் என்று நிமிக்கு அன்று மாலைவரை தோன்றியது.

மறுநாள் காலை ஜின்சன் ஒரு தாளோடு வந்தார். முகாமின் கூடுதல் பட்டியல். மூன்று பையன்களின் பெயர்கள், ஏழு நாள் வருகையோடு. முகாம் நடந்த பள்ளியில் அவள் ஏழு நாளும் இருந்தாள். இந்த மூவரில் ஒருவன்கூட அந்தப் பக்கம் வரவில்லை.

"சார், இவங்க..."

"ஒருத்தன் காலேஜ நடத்தற மேனேஜரோட தங்கச்சி மகன். நீங்க புதுசு, அதனால சொல்றேன். இங்க ஒரு ஒப்பு போடுங்க" என்று கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினார்.

அம்மாவுக்கு இன்னும் ஐந்து வாரம்தான் வேலை. பழைய தகரப் பெட்டிகளைத் துடைத்து வெயிலில் வைத்திருப்பதாக முந்தின நாள் அப்பா போனில் சொல்லியிருந்தார். நிமி கையெழுத்துப் போட்டாள். போட்ட பிறகுதான் பார்த்தாள். மூன்று பெயர்களுக்குக் கீழே இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன.

"சார், இன்னொரு பேரு சேர்க்கலாமா? யோகப்பிரியா. ரெண்டு நாள் போதும்."

ஜின்சன் நெற்றியைச் சுருக்கினார். "அந்தக் குட்டி முகாமுக்கு வந்துச்சா?"

"இல்ல."

"அப்புறம் எப்படி டீச்சர்?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாதவர்போலக் கேட்டார். இவங்க மட்டும் வந்தாங்களா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். நிமி பேனாவை மூடி வைத்தாள். அவர் தாளை உருவிக்கொண்டு போனார். ஜிஸ்மி தலை நிமிராமல் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

தேர்வு எழுத முடியாதவர்கள் பட்டியல் ஒரே ஒரு பெயரோடு ஒட்டப்பட்டது. அடுத்த வருஷம் ஜூனியர்களோடு உட்கார்ந்து இந்த செமஸ்டரை மறுபடி படிக்கலாம். போனை யோகப்பிரியா எடுக்கவில்லை. நிமி அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறி முதலமடைக்குப் போனாள்.

சாலையோரம் முழுக்க லாரிகள் நின்றன. மண்டி என்பது தகரக் கூரை போட்ட நீண்ட கொட்டகை. வைக்கோல் பரப்பிய தரையில் பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்து காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். யோகப்பிரியா அவளைப் பார்த்ததும் எழுந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தாள். "வாங்க மிஸ். ஒக்காருங்க" என்று ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டாள்.

அவளுடைய அம்மா மருதாத்தாளும் வந்து நின்றாள். இரண்டு முழங்கை வரைக்கும் தோல் கறுத்து உரிந்திருந்தது.

"ஏனுங்க, இத்தன வெயில்ல வரோணுமா? போன்ல சொன்னாப் பத்தாதுங்களா?"

"அடுத்த வருஷம் திரும்பச் சேர்ந்துக்கலாம்மா. அதுக்கு வேண்டிய விண்ணப்பமெல்லாம் நானே எழுதித் தர்றேன். ஒரு வருஷம்தான்."

"ரூல்ஸுன்னா நீங்க என்னங்க பண்ணுவீங்க? உங்களக் கொற சொல்றதுக்கில்லீங்க. இந்தப் புள்ள ஊட்டுல எந்நேரமும் உங்களப் பத்தித்தான் பேசிட்டிருக்கும்." மருதாத்தாள் தேநீர் வாங்கி வரக் கடைப்பக்கம் நடந்தாள்.

யோகப்பிரியா நின்றுகொண்டே இருந்தாள். அவள் விரல் நுனிகளிலும் புண் தொடங்கியிருந்தது.

"மிஸ், ஒண்ணு கேக்கட்டுங்களா? அந்த மூணு பேரும் முகாமுக்கு வந்தாங்களா?"

அதைக் கேட்பாள் என்று நிமி நினைக்கவில்லை. பதில் சொல்ல அவளுக்கு வேண்டிய நேரம் இருந்தது. கொட்டகைக்குள் யாரும் அவர்களைக் கவனிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் இந்தப் பெண் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறாள்? ஆனாலும் தாளின் கீழே இருந்த தன் கையெழுத்துத்தான் முதலில் ஞாபகம் வந்தது.

"வந்தாங்க" என்றாள்.

"சரிங்க மிஸ்." யோகப்பிரியா தலையசைத்தாள். "க்ளாஸ் குரூப்புல அவுங்களே எழுதிச் சிரிச்சிட்டிருந்தாங்க, வராமயே வந்துட்டோம்னு. அதான் உங்ககிட்டக் கேட்டனுங்க."

அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. தேநீர் வந்தது. நிமி அதைக் குடித்தாள். குடிக்காமல் எழுந்தால் நன்றாக இருக்காது. யோகப்பிரியா தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தாள். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. இரண்டு நூலகப் புத்தகங்களும் திங்கட்கிழமை கல்லூரி ஆபீசுக்கு யார் மூலமோ வந்து சேர்ந்தன. ஓரத்தில் இருந்த பென்சில் எழுத்துகள் ரப்பரால் அழிக்கப்பட்டிருந்தன.

ஜூனில் அவள் திரும்பச் சேரவில்லை. நிமி எழுதி வைத்த விண்ணப்பம் யோகப்பிரியாவின் கையெழுத்துக்காக ஒரு மாதம் மேசையில் கிடந்தது. ஜிஸ்மியைக் கல்லூரி அந்த வருஷம் புதுப்பிக்கவில்லை. அவள் போகும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள், நிமியிடமும்தான். அம்மாவும் அப்பாவும் மே கடைசியிலேயே ஒரு மினி லாரியில் சாமானோடு நிமியின் வாடகை வீட்டுக்கு வந்து இறங்கியிருந்தார்கள். வெயில் தாங்காமல் அம்மா இரண்டு வாரம் ஈரத்துணியோடு படுத்துக் கிடந்தாள். பிறகு பழகிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் ப்ரொபேஷன் முடிந்து வேலை உறுதியானது. துறைத்தலைவரின் அறிக்கை நகலோடு ஆர்டர் வந்த மாலை, அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த ஆங்கிலத் தாளை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார்.

"என்னம்மா எழுதியிருக்கு? தமிழ்ல சொல்லு."

நிமி வாசித்துச் சொன்னாள். பாடம் நன்றாக நடத்துகிறார். மேலிடத்தோடு ஒத்துப் போகிறார். வருகைப் பதிவேடு, முகாம் பதிவேடு எல்லாவற்றையும் நேர்மையாகவும் கண்டிப்பாகவும் பராமரிக்கிறார்.

"அந்தக் கடசியா உள்ளத இன்னொரு தடவ சொல்லு" என்றார் அப்பா. சமையலறையில் இருந்த அம்மாவையும் கூப்பிட்டார்.

அம்மா வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். நிமி இன்னொரு தடவை சொன்னாள்.