சூடு இறங்கட்டும்

நெற்றியில் போட்ட ஈரத்துணி போட்ட கையோடு சூடேறியது. மகள் அதை எடுத்து மறுபடியும் வாளியில் முக்கிப் பிழிந்தாள். கட்டிலின் அந்தப் பக்கம் அம்மா அப்பாவின் உள்ளங்கால்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து இருவருக்கும் இதே வேலைதான். அப்பா வாயைத் திறந்தபடி மூச்சு விட்டார். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் ஏதோ கரகரத்தது.

“அம்மா, ஆம்புலன்ஸக் கூப்பிட்டுறலாம். இந்தச் சத்தம் நல்லா இல்ல.”

“சூடு இறங்கட்டும்டி. இறங்கினா எந்திரிச்சு உக்காந்துருவாரு. உனக்குத் தெரியாதா?”

தெரியும். அதுதான் சிக்கலே.

அப்பா பேக்கரியில் அடுப்பு மாஸ்டர். ஆயுளில் பாதியை நெருப்புக்கு முன்னால் நின்றே கழித்த மனிதர். ஐம்பத்தெட்டு வயதில் ஒருநாள், ரொட்டித் தட்டை இழுக்கும்போது கால் இரண்டும் துவண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். காற்றாட வெளியே கொண்டுபோய் உட்கார வைத்தால் சரியாகிவிடும். அடுப்படிக்கு வந்தால் மறுபடியும் துவளும். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறார் என்று கடையில் கேலி செய்தார்கள். கண் மங்குகிறது என்றார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகள், எல்லாம் வயசுக் கோளாறு என்று அடித்துச் சொல்லி இரண்டு தடவை லென்ஸ் மாற்றிக் கொடுத்தாள். அம்மா ஒருத்திதான், “இவருக்குச் சூடு ஒத்துக்கல டாக்டர். உடம்பு குளிர்ந்தா மனுஷன் நல்லாத்தான் இருக்காரு” என்று போகிற இடத்திலெல்லாம் விடாமல் சொன்னவள். கடைசியில் ஒரு டாக்டர் அதைக் காதில் வாங்கினார். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார். பழைய வயரைப் போல நரம்பின் மேலுறை அங்கங்கே உரிந்துபோகிற நோய். உடம்பு சூடானால் இன்னும் படுத்தும்.

“பொதுவா சின்ன வயசுலயே ஆரம்பிக்கும். உங்களுக்கு லேட்டாத் தெரிஞ்சிருக்கு,” என்றார் டாக்டர்.

“அப்ப எனக்கு இப்பத்தான் சின்ன வயசு திரும்புதுன்னு சொல்லுங்க,” என்றார் அப்பா. டாக்டரே சிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அப்பா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அம்மா வைத்ததுதான் சட்டம். இதற்கு முன்பும் காய்ச்சல் வந்திருக்கிறது. வந்தபோதெல்லாம் பேச்சுக் குழறி, கைகால் விழுந்து, கட்டை மாதிரிக் கிடந்தார். மகள் அழுது ஊரைக் கூட்டினாள். அம்மா மாத்திரையும் ஈரத்துணியுமாக உட்கார்ந்து சூட்டை இறக்கினாள். அவரும் கண்ணைத் திறந்து டீ கேட்டார். லென்ஸ் மாற்றிக் கொடுத்தவள் அதற்கு மேல் வாயைத் திறக்க முடியுமா?

ஆனால் அப்போதெல்லாம் இந்தச் சத்தம் இல்லை. முந்தாநாள் தண்ணீர் குடிக்கும்போது அவருக்குப் புரையேறியது. அதிலிருந்து இருமல், இருமலைத் தொடர்ந்து காய்ச்சல்.

“வெயில்ல வண்டியில போட்டுக் குலுக்கிக் கூட்டிட்டுப் போனா இன்னும்தான் ஏறும். கொஞ்ச நேரம் பாப்போம். பேக்கரிக்கு போன் பண்ணிருக்கேன், ஐஸ் வருது.”

“சரிம்மா. கொஞ்ச நேரம்தான்.”

மகள் வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் மாற்றப் போனாள். குழாய் சன்னமாகத்தான் ஒழுகியது. அங்கே நின்றபடியே கரகரப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அது விட்டுவிட்டுக் கேட்டது. வாளி நிரம்பி வழிந்து காலை நனைத்தபோதுதான், இப்போது எதுவுமே கேட்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

அறைக்குள் ஓடினாள். அம்மா நிமிர்ந்தாள். காலையிலிருந்து காணாத தெளிவு அவள் முகத்தில் இருந்தது.

“சத்தம் நின்னுருச்சு பாத்தியா? சளி இறங்கிருச்சு. அசந்து தூங்குறாரு.”

மகள் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பனியனுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். “அம்மா,” என்றாள். அடுத்த வார்த்தையைச் சொன்னால், காத்திருக்கச் சொன்னது யார், சரியென்றது யார் என்பதும் கூடவே வந்து நடுவீட்டில் நிற்கும். அம்மா அதைத் தாங்க மாட்டாள். அவளும் தாங்க மாட்டாள்.

அம்மா துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கழுத்து, அக்குள், முழங்கை. மகள் அவள் கையிலிருந்து துணியை வாங்கவில்லை. ஜன்னலில் வெயில் மஞ்சளாகி, பிறகு மங்கியது.

அப்பாவோடு வேலை பார்த்த மாவு பிசைகிறவர், கடை வேலை முடிந்து, ஐஸ் கட்டிகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். நிலைப்படியைத் தாண்டி ஓர் அடி வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“ஏண்ணே அங்கயே நிக்கிறீங்க? ஐஸ் இனிமே வேண்டாம். சூடு இறங்கிருச்சு,” என்றாள் அம்மா.

அவர் மகளைப் பார்த்தார். அவள் எதுவும் சொல்ல வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தாள். அவர் தலை குனிந்தார். துண்டிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

அம்மா புறங்கையால் அப்பாவின் நெற்றியைத் தொட்டாள். கன்னத்தைத் தொட்டாள். சட்டென்று கையை எடுத்து, மறுபடியும் வைத்தாள். இந்த முறை வெகுநேரம் எடுக்கவில்லை.

“ரொம்பக் குளிர வச்சிட்டேன் போலருக்கு,” என்றாள். குரல் அவளுடையதாக இல்லை. “போர்வை எடுத்துட்டு வாடி.”

மகள் கொண்டுவந்தாள். ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்து இழுத்துப் போர்த்தினார்கள். கால், இடுப்பு, நெஞ்சு. கழுத்தருகே வந்ததும் இருவர் கைகளும் நின்றன.

“மூஞ்சிய மூடிடாத,” என்றாள் அம்மா, அவளைப் பார்க்காமலே. “மூச்சு முட்டும் அவருக்கு.”

“மூடலம்மா.”

அம்மா கால்மாட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். போர்வைக்குள் இரண்டு கைகளையும் விட்டு, அவர் பாதங்களைச் சூடு பறக்கத் தேய்க்கத் தொடங்கினாள்.