எர்த் குழி

சனிக்கிழமை காலையில் மாரீஸ்வரி டிரெய்லரின் கைப்பிடியைத் தொட்டாள். அதன் பிறகு அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

தொட்டது, ஏலத்தோட்டத்து முகாமில் தங்க வந்தவர்களுக்குப் பால் கொடுக்கப் போனபோது. எப்போதும் காலில் கிடக்கும் ரப்பர் கம்பூட்ஸ் அன்று வேலியில் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தன. குளியலறைகளைக் கழுவிவிட்டு வெறுங்காலோடு ஈரப்புல்லில் நடந்து போனாள். ஒரு கையில் பால் பாக்கெட். மறு கையால் கதவின் இரும்புப் பிடியைப் பற்றினாள். விரலில் ஏறி முழங்கை வரை விறுவிறுவென்றது. கையை உதறினாள். புறங்கையால் இன்னொரு முறை தொட்டுப் பார்த்தாள். மறுபடியும் அதுவே.

அவளுக்கு அது தெரியும். உடும்பஞ்சோலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்றில் பதினொரு வருடம் இருந்தவள். அங்கே ஃபேன் மோட்டாரைத் தொட்டால் இப்படித்தான் விறுவிறுக்கும். எல்லோரும் தொட்டுத் தொட்டுச் சிரிப்பார்கள். ஒரு மழை நாளில் ராமுத்தாய் அதன்மேல் கையை ஊன்றினாள். உயிர் பிழைத்தாள். வலது கை இப்போதும் மடங்கும், நீளாது.

கதவு திறந்தது. ஜானவி.

"மேடம், பிடியில கரண்டு வருது."

ஜானவி உள்ளே திரும்பினாள். "கேட்டேளா? நேத்திலேந்து நானும் சொல்றேன், தொட்டா சுர்ருங்கறதுன்னு."

உள்ளேயிருந்து அவள் கணவன் சுதீப்பின் குரல் வந்தது. "பதினோரு வருஷமா என்னைத் தொட்டு உனக்கு ஒண்ணும் ஆகலே. கைப்பிடியாவது சுர்ருங்கட்டுமே."

"இந்த வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்லே."

இருவரும் பாலக்காடு கல்பாத்தியிலிருந்து வந்தவர்கள். அவன் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினீயர். காருக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்த அந்தச் சின்னத் தகர வீட்டை அவனே விடுமுறை நாட்களில் கட்டினான். இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, படுக்கைக்கு அடியில் கையகல கீசர். முதல் பயணம். வெள்ளிக்கிழமை மாலை ஆரஞ்சு நிறக் கேபிளை அவிழ்த்து, முகாமின் கரண்டு போஸ்டில் இருந்த நீல சாக்கெட்டில் செருகினான். சுவிட்சை மேலே தள்ளியது மாரீஸ்வரிதான். உள்ளே விளக்கு எரிந்ததும் ஜானவி கைதட்டினாள். அப்போது மாரீஸ்வரிக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சுதீப் வெளியே வந்தான். ரப்பர் செருப்போடு படியில் நின்று கைப்பிடியை இறுகப் பிடித்துக் காட்டினான்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"செருப்பக் கழட்டிட்டு மண்ணுல நின்னு தொடுங்க சார்."

அவன் கழற்றவில்லை. போஸ்டின் சாம்பல் பெட்டியைத் திறந்தான். "இதோ பாருங்கோ. ட்ரிப் சுவிட்ச். எங்கேயாவது கரண்டு லீக் ஆனா இது தானா விழணும். விழுந்துதோ?"

"விழல சார்."

"அப்போ லீக் இல்லே. அவ்வளவுதான் விஷயம்."

அவளிடம் பதில் இருந்தது. அறைக்குப் போய் டெஸ்டரை எடுத்து வந்து தகரத்தில் வைத்தாள். மங்கலாக எரிந்தது.

"இது சும்மா வர்ற வோல்டேஜ்," என்றான் சுதீப். "பக்கத்துல லைன் போனா அதுபாட்டுக்கு எரியும். நீங்க வெறுதே பயப்படாதேங்கோ. சாரமில்லே, ஒண்ணும் ஆகாது."

ஜானவி படியிலிருந்து இறங்கினாள். அவள் செருப்பு கீழே புல்லில் இருந்தது. அதைப் போடாமல் ஈர மண்ணில் நின்றபடியே கொடியில் துண்டை உதறிப் போட்டாள். திரும்பி வந்து கைப்பிடியைப் பிடித்து ஏறினாள். தோள் ஒரு கணம் குலுங்கியது. பிறகு உள்ளே போய்விட்டாள்.

"மேடம், செருப்பப் போட்டுக்கிட்டே ஏறுங்க. சார் மாதிரி."

"அவருக்கு என்ன. உள்ளே சாமி படம் வெச்சிருக்கேன். அடுப்பும் அங்கேதான். செருப்போட எப்படி ஏறறது?"

மாரீஸ்வரி ஒரு காய்ந்த சாக்கைக் கொண்டுவந்து படிக்குக் கீழே நான்காக மடித்துப் போட்டாள். "இதுமேல நின்னு ஏறுங்க. மறக்காதீங்க."

சாக்கு காய்ந்திருக்கும் வரைக்கும் சரி.

அவள் அறைக்குப் போனாள். அரிசி களைந்தாள். உலையை வைக்காமல் வெளியே வந்தாள். வானம் போடி மலைப் பக்கம் கறுத்துக்கொண்டிருந்தது. மூன்று நாளாகத் தூறல்தான். மேல்மண்ணை நனைக்கும், கீழே இறங்காது. இன்றைக்கு வரப்போவது தூறல் இல்லை.

ட்ரிப் சுவிட்ச் ஏன் விழவில்லை என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு காரணம். இரண்டிலும் அவள் கை இருந்தது.

முன்பு அந்தப் பெட்டியில் இருந்த சுவிட்ச் சின்னச் சாரலுக்கே விழுந்துவிடும். வந்தவர்கள் குறை சொன்னார்கள். முதலாளி ரிஞ்சு அதைக் கழற்றிவிட்டு, சாமான் அறையில் கிடந்த பழையது ஒன்றை மாட்டச் சொன்னான். அது கொஞ்சநஞ்ச லீக்குக்கு அசையாது. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது மாரீஸ்வரி.

இன்னொன்று எர்த் குழி. போஸ்டுக்குப் பின்னால் பத்தடியில் ஓர் இரும்புக் குழாய் தரைக்கு மேல் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும். வாயில் ஒரு புனல். லீக்காகும் கரண்டு அதன் வழியாகத்தான் மண்ணுக்குள் இறங்க வேண்டும். அப்படி இறங்கினால்தான் ட்ரிப் விழும். மலை மண் தை முடிந்தால் காய்ந்து பாறையாகிவிடும். அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு வாளி உப்புத் தண்ணீரை அந்தப் புனலில் ஊற்ற வேண்டும். உடும்பஞ்சோலை ஸ்டோரில் அது அவளுடைய வழக்கமான வேலை. இங்கேயும் அவள் ஊற்றிக்கொண்டுதான் இருந்தாள்.

குழியைச் சுற்றி ஆறு தூர் ஏலம் நின்றது. மாசியில் அவற்றின் இலை ஓரம் கருகியது. ரிஞ்சு பார்த்தான். "சேச்சி, உப்பு ஊத்தி என் ஏலத்தைக் கொல்லுறதா? இனி ஒரு துளி வேண்டா." சிவராத்திரியோடு நிறுத்தினாள். இப்போது சித்திரை பாதி. ஏலம் பச்சையாகத் தளதளத்து நின்றது. குழி செத்துக் கிடந்தது.

உலையை வைத்தாள். மறுபடி வெளியே வந்தாள். டிரெய்லரின் குழாயிலிருந்து ஆவி பறந்தது. கீசர் ஓடுகிறது. ஜானவி ஒரு தட்டோடு இறங்கினாள். சாக்கைத் தாண்டிக் காலை வைத்தாள்.

மாரீஸ்வரி போஸ்டுக்குப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள்.

சுதீப் வந்தான். இந்தத் தடவை அவன் குரலில் சிரிப்பு இல்லை.

"யாரைக் கேட்டுண்டு பிடுங்கினேள்?"

"ஒரு வயர்மேனக் கூட்டிட்டு வாரேன் சார். பார்த்துட்டு மாட்டிக்கலாம்."

"நான் எஞ்சினீயர்."

"தெரியும் சார்."

"பின்னே?"

அவன் பிளக்கைச் செருகிவிட்டு போனை எடுத்தான். அவள் அறைக்குத் திரும்புவதற்குள் அவளுடைய போன் அடித்தது. ரிஞ்சு.

"சேச்சி, என்ன இது? கெஸ்ட் விளிச்சு. பிளக்கை ஊரிட்டீங்களாமே."

"கரண்டு அடிக்குது மொதலாளி. அந்தம்மா வெறுங்கால்ல ஏறுது, எறங்குது. எர்த் குழி காஞ்சு போச்சு."

"அவர் எஞ்சினீயர். நீங்க யாரு? போன மாசம் டென்ட்டுக்குள்ள எட்டிப் பார்த்தீங்கன்னு ஒரு கம்ப்ளைன்ட். இது ரெண்டாவது. இனி அந்தப் போஸ்ட் பக்கம் போகண்டா. போனால் ரூமோட சாவியைத் தந்திட்டு மோளையும் கூட்டிட்டு போயிக்கோ."

"மொதலாளி..."

"நான் கட்டப்பனையில் இருக்கு. சாயங்காலம் வரும். வந்து சாவி வாங்கணுமா வேண்டாவான்னு நீங்களே சொல்லுங்க."

வைத்துவிட்டான்.

முதலாளி கொடுத்த அறை இரண்டு. ஒன்றில் அடுப்பு. இன்னொன்றில் மகள் ஆர்த்தியின் கட்டிலும் புத்தகங்களும். ஆர்த்தி நெடுங்கண்டத்தில் நர்சிங் படிக்கிறாள், இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அது வரைக்கும் இந்தக் கூரை வேண்டும்.

மெயினை அணைத்துவிட்டு, கரண்டு போய்விட்டது என்று சொல்லலாம். எதிர் வீட்டில் மோட்டார் ஓடும் சத்தம் இங்கே கேட்கும். எஞ்சினீயருக்குக் கேட்காதா?

உட்கார்ந்தாள். எழுந்தாள். சோறு பொங்கி அடுப்பில் வழிந்தது. தட்டை நகர்த்தி வைத்தாள். முதல் துளி தகரக் கூரையில் விழுந்தது. பெரிய துளி.

போஸ்ட் பக்கம்தானே போகக் கூடாது.

உப்பு மூட்டை கதவுக்குப் பின்னால் இருந்தது. மழைக்காலத்தில் அட்டைக்கடிக்குத் துணியில் முடிந்துகொள்ளும் கல்லுப்பு, பத்து கிலோவுக்கு மேல் இருக்கும். இழுத்து வெளியே போட்டாள். பூட்ஸை மாட்டிக்கொண்டாள். வாளியில் நாலு கை உப்பு, மேலே தண்ணீர், ஒரு கழியால் கலக்கல். ஏலத்துக்கு நடுவே நுழைந்து குழாயின் புனலில் ஊற்றினாள். அது அடைத்துக் கிடந்தது. கழியை விட்டுக் குத்தினாள். களக்கென்று இறங்கியது.

போஸ்டைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

இரண்டாவது வாளி. தண்ணீர் குழாயின் விளிம்பில் நின்று மெதுவாக உள்ளே போனது. ஒன்றும் இல்லை. அவசரத்தில் பாதி வெளியே சிந்தி ஏலத்தின் அடியில் ஓடியது.

மழை இறங்கியது. கூரையில் சத்தம் கூடியது.

மூன்றாவது வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது ஜானவி வெளியே இருப்பதைப் பார்த்தாள். கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டிருந்தாள். புடவை முழுக்க நனைந்திருந்தது. சாக்கு சேற்றோடு ஒட்டிக் கிடந்தது. வெறுங்கால். துணியை மார்போடு அணைத்துக்கொண்டு டிரெய்லரை நோக்கி ஓடி வந்தாள்.

"மேடம், தொடாதீங்க!"

மழையில் கேட்கவில்லை.

"ஏத்தா, தொடாத! நில்லு!"

ஜானவி நின்றாள். கை கைப்பிடிக்கு அரை முழத்தில் இருந்தது. தன்னை யாரோ ஒருமையில் அதட்டியதில் திகைத்துத் திரும்பினாள். கதவில் சுதீப் தெரிந்தான்.

"என்ன கூத்து இது? ஜானு, உள்ளே வா."

"அந்தம்மா கத்தறா."

"நனையறே. வா."

மாரீஸ்வரி வாளியை அப்படியே புனலில் கவிழ்த்தாள். தண்ணீர் நின்றது. குழாய்க்குள் காற்று குமிழியிட்டு ஏறியது. பிறகு தண்ணீர் ஒரே மூச்சில் உள்ளே இறங்கியது.

போஸ்டில் டக்கென்றது.

டிரெய்லருக்குள் விளக்கு அணைந்தது. ஃபேன் சுற்றி ஓய்ந்தது. மழை மட்டும் பெய்தது.

சுதீப் இறங்கி வந்தான். மாரீஸ்வரியைப் பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்து சுவிட்சை மேலே தள்ளினான். டக். விழுந்தது. இன்னொரு முறை தள்ளினான். விழுந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தள்ளினான். நின்றது.

ஏலத்துக்கு நடுவே நின்றவளையும் காலடியில் கிடந்த வாளியையும் உப்பு மூட்டையையும் பார்த்தான். குழாயைப் பார்த்தான். எஞ்சினீயர்தான், மேற்கொண்டு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எத்தனை நாளா ஊத்தலை?"

"சிவராத்திரியிலேருந்து."

அவன் கேபிளைக் கையில் பிடித்தபடி டிரெய்லருக்குள் போனான். படுக்கைப் பலகையைத் தூக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கீசரின் வயரை வெட்டி எடுத்துக்கொண்டு வந்தான். இணைப்பு கருகி ஈரமாக இருந்தது. கேபிளை மறுபடி போஸ்டில் செருகினான். சுவிட்சைத் தள்ளினான். விழவில்லை. உள்ளே விளக்கு எரிந்தது.

செருப்பைக் கழற்றினான். சேற்றில் வெறுங்காலை ஊன்றி நின்றான். புறங்கையால் கைப்பிடியைத் தொட்டான். தொட்டபடியே நின்றான்.

"இப்போ ஏறு," என்றான் மனைவியிடம்.

ஜானவி ஏறவில்லை. நனைந்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். "அந்தம்மா கத்தலைன்னா?"

அவன் குனிந்து செருப்பைத் தேடினான்.

"முதலாளிக்கு விளிச்சு சொன்னேளே. இப்போ இதையும் சொல்லுங்கோ."

"சொல்றேன்."

"இப்பவே."

சுதீப் போனை எடுத்தான். ஈரக் கையில் திரை வேலை செய்யவில்லை. சட்டையில் துடைத்தான். சட்டையும் ஈரம். அதற்குள் மாரீஸ்வரியின் போன் அவள் இடுப்பில் அடித்தது.

"சேச்சி, நான் கட்டப்பனையில் இருந்து இறங்கிட்டேன். அங்கே மழையா? பிரச்சினை ஒண்ணும் இல்லையல்லோ?"

"போஸ்டத் தொடல மொதலாளி."

"நல்லது."

"குழியில உப்புத் தண்ணி ஊத்திட்டேன். மூணு வாளி. ஆறு தூரும் போயிரும்."

அந்தப் பக்கம் ஜீப்பின் வைப்பர் சத்தம் கேட்டது. சுதீப் அவளிடம் போனைக் கேட்டுக் கையை நீட்டினான். அவள் கொடுத்துவிட்டாள். அவன் ஆங்கிலத்தில் ஆரம்பித்தான், பிறகு மலையாளத்துக்கு மாறினான், குரல் தணிந்தது. என்ன பேசினார்கள் என்று அவள் கேட்கவில்லை.

குழாயை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் முழுக்க இறங்கியிருந்தது. மூன்று வாளி இரண்டு நாளைக்குத் தாங்கும். அதற்கு மேல் தாங்காது. சாவி யார் கையில் இருந்தாலும் திங்கட்கிழமை ஒருத்தர் ஊற்றியாக வேண்டும்.

உப்பு மூட்டையின் வாயைச் சுருட்டிக் கட்டினாள். அறைக்குக் கொண்டு போகவில்லை. மழை படாமல் கூரைக்கு அடியில், குழிக்கு எட்டும் தூரத்தில் வைத்தாள். வாளியை அதன்மேல் கவிழ்த்தாள். சோறு கருகும் வாசனை வந்தது. அவள் நடந்தாள். பாதி வழியில் நின்று திரும்பி, கைப்பிடியை ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.