கழுவிய கம்பிகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வீட்டில் இருந்தவர்கள்: அம்மா, சுவருக்கு அந்தப் பக்கம், தன் கட்டிலில். அண்ணி, கட்டி முடித்த இரண்டு பெட்டிகளுக்கு நடுவே. இடி, அண்ணனுடைய குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன், கதவில் சாய்ந்தபடி. நான், அண்ணனுடைய நாற்காலியில், அவனுடைய பேஸ் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு. அண்ணன் இல்லை. அவன் செத்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

ஒரு நிகழ்ச்சியை முடித்துவிட்டு வேனின் பின் சீட்டில் தூங்கிக்கொண்டே வந்தான். வீட்டு வாசலில் வேன் நின்றது. மற்றவர்கள் எழுப்பினார்கள், அவன் எழுந்திருக்கவில்லை. முப்பத்து நான்கு வயது. இதயம் என்றார்கள். கிட்டாரை அவன் முழங்கால்களுக்கு நடுவிலிருந்து எடுத்தது இடிதான்.

அண்ணன் எப்போது வீடு திரும்புவான் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் வாசற்கதவின் மேல்தாழ்ப்பாளை நாங்கள் போட்டதே இல்லை. பூட்டுக்குச் சாவி அவனிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. அவன் போன பிறகும் அம்மா தாழ்ப்பாளைப் போடவில்லை.

நான் கல்லூரியை இரண்டாம் வருடத்தோடு விட்டவன். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இரவு வேலை. வீட்டிலும் வேலையிலும் எனக்கு ஆந்தை என்று பெயர். இரத்தக்கறைக்குப் பச்சைத் தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்குக்குக் கொதிக்கிற தண்ணீரும் சலவைச் சோடாவும். ஏழு வருடத்தில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

கிட்டாரை நான் முதலில் தொட்டது மூன்று வாரம் முன்பு. தூக்கம் வராத ஒரு பகலில் அண்ணனுடைய அறைக்குப் போனேன். அண்ணி வேலைக்குப் போயிருந்தாள். உறையைத் திறந்து, சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்பைப் போட்டு, எல்லாவற்றிலும் தடிமனான கம்பியை ஒரு விரலால் இழுத்து விட்டேன். மந்தமான, இருட்டான சத்தம். கம்பி செத்துப்போய்விட்டது என்று நினைத்தேன்.

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அம்மா ஈரக்கையோடு ஓடி வந்து அறை வாசலில் நின்றாள்.

"யாருடா?"

"நான்தாம்மா."

என்னைப் பார்த்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அவன் பாட்டு ஒண்ணுகூட நான் முழுசா கேட்டதில்லடா. இந்தச் சுவர் வழியா வர்ற சத்தம் மட்டும்தான் எனக்குத் தெரியும். உன் அண்ணி இதை எடுத்துட்டுப் போறதுக்குள்ள ஒரு தடவை கேட்டுக்கறேன். நீ வாசி."

"எனக்கு வாசிக்கத் தெரியாதும்மா."

"அவனும் பொறக்கும்போதே வாசிச்சுட்டு வரல."

அவள் சொன்ன சத்தம் எனக்கும் தெரியும். வீட்டில் இருக்கிற நாட்களில் நான்கு மணிக்கு அண்ணன் பயிற்சிக்கு உட்காருவான். நான்கே ஸ்வரங்கள், மேலே ஏறி, கீழே இறங்கி, அரை மணி நேரம். அந்த நேரத்தில் அம்மா தன் அறையில் முதுகைச் சுவரில் ஒட்டிப் படுத்திருப்பாள். மெல்லிய சத்தங்கள் அண்ணனின் அறையிலேயே நின்றுவிடும். அடித்தொண்டைச் சத்தம் மட்டும் சுவரைக் கடந்து போகும். அதை முதுகில் வாங்கிக்கொண்டு அவள் தூங்குவாள். ஏழு வாரமாக அவளுக்குப் பகல் தூக்கம் இல்லை. இரவைப் பற்றி எனக்குத் தெரியாது, நான் வீட்டில் இருப்பதில்லை.

அண்ணி தன் பிறந்த வீட்டுக்குப் போக முடிவு செய்திருந்தாள். அவளுடைய அண்ணன் அந்த ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு. ஆக, என்னிடம் மூன்று வாரம் இருந்தது.

அன்று ஒரு மணி நேரம் கம்பிகளைத் தடவிக்கொண்டிருந்ததில் என் விரல் நுனிகள் கறுத்தன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கம்பியைச் சுற்றியிருந்த சுருளின் இடுக்கெல்லாம் கறுப்புப் பிசுக்கு. அழுக்கைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. சத்தம் செத்துக் கிடப்பதற்கு இதுதான் காரணம் என்று முடிவு கட்டினேன். நான்கையும் கழற்றி, சுருட்டி, சாப்பாட்டுப் பையில் போட்டு வேலைக்கு எடுத்துப் போனேன்.

கறை எடுக்கும் மேஜையில் ஒரு எவர்சில்வர் பாத்திரம் உண்டு. சோடா போட்டுக் கொதிக்க வைத்தேன். மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார்.

"என்னடா ஆந்தை, இரும்பு நூடுல்ஸா?"

"ஆமா சார்."

"உப்பு போட்டியா?"

"சோடாதான் போட்டிருக்கேன்."

"அது போதும். வெந்ததும் எனக்கு ஒரு தட்டு எடுத்து வை."

தண்ணீர் கறுத்தது. மூன்று முறை மாற்றினேன். கம்பிகள் புதுக் கரண்டி மாதிரி பளபளத்தன. அந்தக் கறுப்புத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றும்போது எனக்குத் திருப்தியாக இருந்தது.

மறுநாள் மாட்டி வாசித்தால் சத்தம் பளீரென்று வந்தது. அண்ணனுடைய சத்தம் அதுவல்ல என்பது மட்டும் புரிந்தது. குறை என் கையில் என்று நினைத்தேன். தெரியாதவன் வேறென்ன நினைப்பான்? இடிக்குப் போன் போட்டேன்.

"சத்தம் எப்படி இருக்கு?" என்றான்.

"தட்டுல ஸ்பூன் விழுந்த மாதிரி இருக்கு."

"ஸ்ட்ரிங் அதேதானே? புதுசு எதுவும் மாட்டலையே?"

"அதேதான்."

"அப்ப கோளாறு கையிலதான். எங்க மீட்டுற?"

"கீழ, கம்பி முடியற இடத்துல."

"அங்க மீட்டினா அப்படித்தான் கத்தும். மேல வா. கழுத்து உடம்போட சேர்ற இடத்துல மீட்டு. நகம் படக் கூடாது, சதை படணும். அவசரப்படாத. நீ என்ன, கொசுவா அடிக்கிற?"

மேலே வந்தேன். நகத்தை ஒட்ட வெட்டினேன். மற்ற விரல்களை விட்டுவிட்டுக் கட்டைவிரலின் சதையால் மீட்டினேன். சத்தம் கொஞ்சம் தடித்தது. கிட்டாரில் இருந்த டோன் திருகை முழுக்கக் குறைத்தேன். இன்னும் கொஞ்சம். ஸ்டூல் மேல் இருந்த ஆம்ப்பைத் தரையில் இறக்கி, அறையின் மூலையில், அம்மாவின் சுவரை ஒட்டித் தள்ளினேன். தரை அதிர்ந்தது. பாத்திரம் தேய்க்கிற பஞ்சை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, கம்பிகள் முடியும் இடத்தில் அவற்றுக்கு அடியில் செருகச் சொன்னான் இடி. செருகினேன். பளபளப்பு அடங்கியது. சத்தம் கனமாக வந்தது, ஆனால் வந்தவுடன் செத்தது. அண்ணனுடையது சுவருக்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்பும்.

காலையில் வேலை விட்டு வந்து, நான்கு மணி நேரம் தூங்கி, பிறகு வாசித்தேன். கட்டைவிரல் கொப்பளித்தது, உடைந்தது, மறுபடி கொப்பளித்தது. அம்மா அந்த நேரத்தில் மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். அரைகுறையாகக் கேட்க மாட்டாளாம். சரியானதும் கூப்பிடச் சொன்னாள்.

அண்ணி ஒன்றும் சொல்வதில்லை. அவளோடு எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். அண்ணன் போன முதல் வாரத்தில் அறைத் துணிகளை எடுத்தபோது, அவனுடைய தலையணை உறையில் நான்கு கறுப்புத் தீற்றல் பார்த்தேன். வாசித்துவிட்டு அப்படியே படுத்தவனின் விரல்கள்.

"குடுங்க அண்ணி, பத்தே நிமிஷம். இருந்த இடம் தெரியாம எடுத்துடறேன்."

அவள் அதை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"உங்க வேலையெல்லாம் ஆஸ்பத்திரியோட வெச்சுக்கங்க தம்பி. இதைத் தொடாதீங்க."

துக்கத்தில் இருப்பவர்கள் ஏதாவது சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன். ஒரு சலவைக்காரனுக்கு அந்த இடத்திலாவது புத்தி வந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு அம்மா தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கட்டில் கிறீச்சிட்டது. சுவரில் முதுகு ஒட்டியிருக்கும். ஐந்து மணிக்குக் கார் வரும். அண்ணி பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். இடி எனக்குத் தலையசைத்தான்.

வாசித்தேன். நான்கு ஸ்வரம் மேலே, நான்கு கீழே. ஒரு தப்பு இல்லை. மூன்று வாரத்தில் எனக்குக் கிடைத்த கனமெல்லாம் அதில் இருந்தது. பத்து நிமிடம் இருக்கும். நிறுத்தினேன்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"சுருதி சேர்த்தது போதும்டா. நான் படுத்துட்டேன். வாசி."

இடி வந்து குனிந்து, தடித்த கம்பியின் மேல் ஒரு விரலை நீளமாக ஓட்டினான். விரலைத் திருப்பிப் பார்த்தான். சுத்தமாக இருந்தது.

"இதை என்னடா பண்ணின?"

"கழுவினேன்."

"எதால?"

"சோடா போட்டுக் கொதிக்க வெச்சேன். அழுக்கா இருந்துச்சு."

இடி தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் உடம்புக்கு அப்படி உட்காருவது சுலபமில்லை.

"அதேதான்னு சொன்னியேடா."

"அதே ஸ்ட்ரிங்தான்."

"ஏழு வருஷமா அவன் அதை மாத்தலடா. புதுசு வாங்கிக் குடுத்தாக்கூட மாட்ட மாட்டான். கை வேர்வையும் பிசுக்கும் ஊறி ஊறித்தான் அந்த டோன் வரும். அதைக் கடையில விக்க மாட்டாங்க. முட்டாள். நீயும்தான், நானும்தான். நேர்ல வந்து பாத்திருக்கணும்."

அண்ணி சிரித்தாள். ஏழு வாரத்தில் அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

"எத்தனை தடவை சண்டை போட்டிருக்கேன் தெரியுமா? கையைக் கழுவிட்டுப் படுங்க, அந்தக் கம்பியையாவது துடைங்கன்னு. தொடைச்சா குரல் போயிடும்டின்னு சொல்வார். நான் சோம்பேறித்தனத்துக்கு ஒரு சாக்குன்னு நினைச்சேன்." அதற்கு மேல் சிரிப்பு நிற்கவில்லை, வேறொன்றாக மாறியது. முகத்தைப் பெட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் அறைக்குப் போனேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

"அம்மா, அந்தச் சத்தம் வராது. அது அவனோட அழுக்கு. நான் கழுவிட்டேன்."

அவள் எழுந்து உட்கார்ந்து தலைமுடியை முடிந்துகொண்டாள்.

"மொத நாள் ஒரு தடவை தட்டினியே?"

"ஆமா."

"அதான் அவன். யோசிக்கக்கூட இல்ல, நான் கையைக்கூடத் துடைக்காம ஓடி வந்தேன்." என் கட்டைவிரலைப் பிடித்து, உரிந்த தோலைப் பார்த்துவிட்டு விட்டாள். "ஒரு தடவைன்னுதானே சொன்னேன். அது அன்னிக்கே ஆயிடுச்சு. போ, அவ பெட்டியை வெளிய எடுத்து வை."

என் கையில் மூன்று வாரம் வராத சத்தம், ஒன்றும் தெரியாத ஒரு விரலுக்கு முதல் நாளே வந்திருந்தது. அதைத்தான் நான் செத்த கம்பி என்று நினைத்தேன்.

ஐந்து மணிக்குக் கார் வந்தது. அண்ணியின் அண்ணன் கீழிருந்து ஹாரன் அடித்தார். இடி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினான். நான் இன்னொரு பெட்டியைக் கதவருகில் வைத்துவிட்டு, கிட்டாரை உறையில் போடப் போனேன். அண்ணி வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"அது இருக்கட்டும் தம்பி. எனக்கு உறை போதும்."

கிட்டார் உறையைச் சொல்கிறாளோ என்று விழித்தேன். அவள் தோள்பையைத் திறந்து காட்டினாள். மடித்த தலையணை உறை இருந்தது.

"நீங்களே வாசிங்க. உங்க கையாலயாவது அழுக்காகட்டும்."

என் கையில் அழுக்கே சேராது. வாரத்தில் ஆறு இரவும் சோப்பில் ஊறி வெளுத்த கை. பெட்டியைக் காரில் வைத்தேன். இடி அங்கிருந்தே வீட்டுக்குக் கிளம்பினான், நான் மட்டும் திரும்பி வந்தேன்.

வாசலில் அம்மாவும் அண்ணியும் நின்றிருந்தார்கள். "போயிட்டு வர்றேன் அத்தை" என்றாள் அண்ணி. "போயிட்டு வாம்மா. சாப்பிடாம இருக்காத" என்றாள் அம்மா. அவ்வளவுதான். அண்ணி படி இறங்கினாள். செருப்புச் சத்தம் கேட்கிற வரைக்கும் அம்மா நின்றாள். பிறகு கார்க் கதவு சாத்தும் சத்தம்.

அம்மா வாசற்கதவைச் சாத்தினாள். பூட்டு கிளிக்கென்று விழுந்தது. அவள் நகரவில்லை. கையைத் தூக்கி மேல்தாழ்ப்பாளைப் பிடித்துத் தள்ளினாள். எத்தனையோ முறை கதவுக்குப் பெயிண்ட் அடித்ததில் அது ஒட்டிப்போயிருந்தது. உள்ளங்கையால் அடித்தாள். பெயிண்ட் உதிர்ந்து அவள் தோளில் விழுந்தது. நான் உதவிக்குப் போனேன், முழங்கையால் என்னை ஒதுக்கினாள்.

ஏழு மணிக்கு நான் வேலைக்குக் கிளம்ப வேண்டும். அதை அப்போது சொல்லவில்லை. அவள் இன்னும் இரண்டு முறை அடித்தாள். தாழ்ப்பாள் நகர்ந்து பூட்டிக்கொண்டது.