பத்து வருஷம் வைத்திருந்த பெயர்

ஸ்தனிஸ்லாஸ். இந்தப் பெயரைக் கல்யாணமான முதல் வருஷமே என் பிள்ளைக்கென்று எடுத்து வைத்துவிட்டேன். எங்கள் பாலக்கரையில் தெருவுக்கு நாலு சவரிமுத்து, வீட்டுக்கு ஒரு அந்தோணி. என் பிள்ளையைக் கூப்பிட்டால் அவன் ஒருவன்தான் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயம்.

பத்து வருஷம் ஆயிற்று, பிள்ளைதான் வரவில்லை. வேளாங்கண்ணிக்கு நடந்தேன். தொட்டில் கட்டினேன். ஒன்பது செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு நவநாள் இருந்தேன். ஆஸ்பத்திரி டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, குறை ஒன்றும் தெரியவில்லை, காத்திருங்கள் என்றார். குறை என்று ஒன்று இருந்தாலாவது சண்டை போட எனக்கு ஒரு இடம் கிடைத்திருக்கும். கடைசியில் ஆண்டவரோடு சண்டை போட்டேன். இரண்டு வருஷமாக அவரிடம் பிள்ளை கேட்பதையே நிறுத்திவிட்டேன்.

பெயரை மட்டும் விடவில்லை. சாயங்காலம் செபமாலை முடிந்ததும் அதை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். கேட்பதற்காக அல்ல, அவருக்கு உறைக்கட்டும் என்றுதான். பக்கத்தில் முழங்காலில் இருக்கும் என் வீட்டுக்காரர் இன்னாசிமுத்துவுக்கு அது கேட்காது. பொன்மலை ஒர்க்ஷாப்பில் பாய்லர் ஷாப்பில் பதினைந்து வருஷம் சம்மட்டிச் சத்தத்திலேயே இருந்தவர். சோறு போடவா என்பதையே அவரிடம் நான் மூன்று தடவை கேட்க வேண்டும்.

1958 மார்கழியில் என் கொழுந்தன் பெண்சாதி ரெஜினாள் ஏழு மாதக் கர்ப்பம். கொழுந்தனுக்கு ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலை, குடியிருப்பு அங்கேயே ரயில்வே குவார்ட்டர்ஸில். ரெஜினாளுக்குத் தாய் கிடையாது. அதனால் கூடமாட வேலை செய்ய என் மாமியார் என்னை அனுப்பி வைத்தாள். "துணி துவை, சோறாக்கு. வலி கண்டா மட்டும் நீ பக்கத்துல நிக்காதே, எனக்குச் சொல்லி அனுப்பு" என்றாள். பாத்திரம் தேய்க்க மலடியின் கை ஆகும், பிரசவத்துக்குத்தான் ஆகாது.

வைகுண்ட ஏகாதசி அன்று காலையில் ரெஜினாளுக்கு வலி எடுத்துவிட்டது. எட்டு மாதம்கூட நிறையவில்லை. ஊரே ஸ்ரீரங்கத்தில் இருந்தது. தெருவில் ஜட்கா போக வழியில்லை, காவேரிப் பாலம் முழுக்க ஜனம். ஸ்பெஷல் ரயிலாக வந்துகொண்டிருந்ததால் கொழுந்தனுக்கு டியூட்டியை விட்டு நகர முடியவில்லை. யாரிடம் சொல்லி மாமியாரைக் கூட்டி வருவது? ஸ்டேஷனுக்குப் பின்னால் குடியிருந்த மருத்துவச்சி சாரா பீவியை மட்டும் எப்படியோ இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தேன்.

மத்தியானம் பிள்ளை பிறந்தது. ஆண். கையகலம்தான் இருந்தது. அழவில்லை. சாரா பீவி தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள், வாயில் வாய் வைத்து ஊதினாள். உடம்பு நீலம் பாரித்துக்கொண்டே வந்தது. ரெஜினாள் அரை மயக்கத்தில் கிடந்தாள்.

"மூச்சு வருது, நிக்குது, வருது. எனக்கு நம்பிக்கை இல்லேம்மா" என்றாள் சாரா பீவி. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "உங்க ஆளுங்க தண்ணி ஊத்துவாங்களே, ஊத்திடு. சாமியார் வரட்டும்னு நிக்காதே. அவர் வந்து சேர்றதுக்குள்ள இது போயிடும்" என்றாள்.

எனக்கு ஊற்றத் தெரியும். சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று மடத்துப் பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் எங்களுக்கெல்லாம் பழக்கிவிட்டிருந்தார். ஒரு மரப்பாச்சியைக் கையில் கொடுத்து, பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து என்கிற பரிசுத்த ஆவி, மூவருக்கும் ஒவ்வொரு தடவை தலையில் ஊற்றணும், ஊற்றும்போதே சொல்லணும், சொல்லும்போதே ஊற்றணும் என்று நாற்பது தடவையாவது செய்ய வைத்திருப்பார்.

சொம்பை எடுத்தேன். பெயர் சொல்ல வேண்டும். ஆண் பிறந்தால் தாத்தா பெயர் சவரிமுத்து என்று குடும்பமே முடிவு செய்திருந்தது, எனக்கும் தெரியும். ஆனால் பிள்ளை என்று நினைத்தால் என் வாய்க்குப் பழகியிருந்தது ஒரே பெயர்.

"ஸ்தனிஸ்லாஸ், நான் உன்னைப் பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்துவின் நாமத்தினாலே ஞானஸ்நானம் பண்ணுகிறேன்."

மூன்றாவது தடவை தண்ணீர் விழுந்ததும் பிள்ளை வீல் என்று கத்திற்று. புதுமை என்று நான் சொல்லமாட்டேன். மார்கழி மாதத்துச் சொம்புத் தண்ணீர் மண்டையில் விழுந்தால் யாராக இருந்தாலும் கத்தத்தான் செய்வார்கள். ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்பது உறைத்தது. என் பிள்ளைக்கென்று வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் மாமியார் வந்தாள். பேரனைப் பார்த்தாள், சமாச்சாரத்தைக் கேட்டாள்.

"தானி... தனிசு... அது என்ன பேருடி, வாய்க்குள்ள நுழையவே மாட்டேங்குது? எங்க வீட்டுக்காரர் பேர் உனக்குக் கசந்துச்சா?" என்று ஆரம்பித்தவள், சாரா பீவி அந்தப் பக்கம் போனதும் குரலைத் தாழ்த்தினாள். "பேர் கிடக்கட்டும். பச்சப் பிள்ளை தலையில உன் கை தண்ணி விழுந்திருக்கே, அதுக்கு என்ன பண்றது?"

அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

மூன்று வாரம் ஆகியும் பிள்ளை தேறவில்லை. பால் குடித்தால் கக்கிற்று. ஒவ்வொரு தடவை கக்கும்போதும் மாமியார் என் கையைச் சொன்னாளாம். ஜனவரி முதல் வாரத்தில் வரும் மூன்று ராசாக்கள் திருநாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மீதிச் சடங்குகளை முடிக்கப் பிள்ளையைப் பாலக்கரைக் கோயிலுக்குக் கொண்டு வரச் சொன்னார் பங்குச் சாமியார். தண்ணீர் ஊற்றியவளையும் விசாரிக்க வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். காலையில் நான் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். பிள்ளையை என் கையில் கொடுக்கும்போது ரெஜினாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா, பிள்ளை எனக்குத் தங்கணும். அத்தை சொல்றபடியே சொல்லிடுங்கக்கா" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அத்தை என்ன சொல்லப்போகிறாள் என்பது ஜட்கா பாலத்தில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

"உனக்குக் கஷ்டம் இல்லாம ஒரு வழி இருக்கு" என்று ஆரம்பித்தாள் மாமியார். "பதட்டத்துல வார்த்தையைச் சரியாச் சொன்னேனான்னு ஞாபகம் இல்லே சாமி, அப்படின்னு மட்டும் சொல்லு. இஸ்பிரீத்து சாந்துன்னு சொன்னேனா இல்லையான்னு சந்தேகமா இருக்குன்னு சொல்லு. போதும். சாமியார் தன் கையால மறுபடி ஊத்துவார். சவரிமுத்துன்னு வெப்பார். பிள்ளையும் பொழைச்சுக்கும்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா அத்தை? அதுவும் கோயில்ல?"

"சந்தேகம்னு சொல்றது பொய்யா?" அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னொண்ணும் சொல்றேன். அந்தப் பேரை நீ உன் வயித்துக்குன்னுதானே வெச்சிருந்தே? நானும் பொம்பளைதான்டி, எனக்குத் தெரியாதா? அது உன்கிட்டயே திரும்பி வந்துடும். யாருக்கும் நஷ்டமில்லே."

எனக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் ஆசை வந்தது. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. மூன்று வாரமாகச் செபமாலை முடிந்ததும் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வாய் திறக்கும், பெயர் இன்னொருத்தியின் பிள்ளையுடையது என்று ஞாபகம் வரும், மூடிக்கொள்வேன். இப்போது ஒரே ஒரு 'ஞாபகம் இல்லை' சொன்னால் போதும். மடியில் பிள்ளை புறங்கையைச் சப்பிக்கொண்டு தூங்கிற்று. சொல்லிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

கோயில் வாசலில் என் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நின்றார். நாலு பேரும் சாமியார் அறைக்குள் போனோம், பிள்ளையோடு சேர்த்தால் நாலு. சாமியார் மேஜைமேல் ஞானஸ்நானப் புத்தகத்தைத் திறந்து, பேனாவை மசியில் தொட்டுக்கொண்டார்.

"தண்ணியை எங்க ஊத்தினீங்க?"

"தலையில சாமி."

"ஓடிச்சா, இல்லே சும்மா நனைச்சீங்களா?"

"ஓடிச்சு சாமி."

"என்ன வார்த்தை சொன்னீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டாள். "அவ பயந்துபோய் எதையோ முணுமுணுத்திருக்கா சாமி. இஸ்பிரீத்து சாந்துன்னு சொன்னாளோ இல்லையோ, அவளுக்கே நிச்சயம் இல்லே."

"அவங்க சொல்லட்டும்" என்றார் சாமியார். "சந்தேகம் இருந்தா சொல்லிடும்மா, தப்பில்லே. நான் மறுபடி கொடுத்துடுவேன்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஞாபகம் இல்லை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வாயில் வந்தது வேறு.

"சாமி, ஊத்தற கை எப்படிப்பட்ட கைன்னு பாக்கணுமா?"

மாமியார் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். சாமியாருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மாமியாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவைக் கீழே வைத்தார்.

"கையா? யார் கையா இருந்தா என்னம்மா? ஆண்டவருக்காகன்னு நெனச்சு அந்த மருத்துவச்சியம்மாவே ஊத்தியிருந்தாலும் செல்லும். கை நம்மது, வேலை அவரோடது. அவருக்கு ஒரு கை வேணும், அன்னிக்கு அங்க இருந்தது உங்க கை."

ஆண்டவர். இரண்டு வருஷமாக நான் முகம் கொடுத்துப் பேசாதவர். என்னை மறந்துவிட்டார் என்று நான் தினமும் ஏசிக்கொண்டிருந்தவர். அன்று மத்தியானம் அவ்வளவு ஜனத்தையும் தாண்டி அந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்திருக்கிறார், என் கையைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். இது மலடியின் கையா என்று அவர் கேட்கவில்லை. இப்போது சந்தேகம் என்று நான் சொன்னால், அன்றைக்கு அவர் வரவில்லை என்று சொன்னதாகிவிடும். வந்தார். எனக்குத் தெரியும்.

"சந்தேகம் இல்லே சாமி. மூணு தடவை ஊத்தினேன். ஊத்தும்போதே சொன்னேன். ஸ்தனிஸ்லாஸ், நான் உன்னைப் பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்துவின் நாமத்தினாலே ஞானஸ்நானம் பண்ணுகிறேன். ஒரு எழுத்து விடலே."

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பிள்ளை விழித்துக்கொண்டு அழுதது. மாமியார் அதை என் கையிலிருந்து வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள்.

சாமியார் எழுதினார். பிள்ளை பெயர் எழுதினார். தண்ணீர் ஊற்றியவர் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி, "உங்க பேரு?" என்றார்.

"அடைக்கலமேரி."

பிள்ளைகள் பெயராக நிறைந்திருந்த அந்தப் புத்தகத்தில் என் பெயரும் ஏறிற்று. மை காய்கிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உப்பு, எண்ணெய்ச் சடங்கெல்லாம் முடிந்து வெளியே வந்தோம். மாமியார், "அழாதேடா சவரிமுத்து, அழாதேடா" என்று என் காதில் விழும்படி கொஞ்சிக்கொண்டே ஜட்காவில் ஏறி ஸ்ரீரங்கம் போய்விட்டாள். கூப்பிடட்டும். புத்தகத்தில் இருக்கிறது.

நானும் என் வீட்டுக்காரரும் வீட்டுக்கு நடந்தோம். பாதித் தூரம் வரை எனக்குத் துணிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் இறங்கிவிட்டது. சாயங்காலம் செபமாலை வரும், முடியும், வாயில் ஒன்றும் இருக்காது. தெருவென்றும் பார்க்காமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தவர், "வேற பேர் பாக்கணுமே" என்றார்.

"யாருக்கு?"

"நம்ம பிள்ளைக்கு. வெச்சிருந்த பேரைத்தான் கொடுத்துட்டியே."

நான் அப்படியே நின்றுவிட்டேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பத்து வருஷமா தெனம் காதுகிட்ட முணுமுணுக்கிறே."

"உங்களுக்குத்தான் காது கேக்காதே!"

"எல்லாம் கேக்காது" என்றார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், கண் கலங்கியிருந்தது. "அதுக்கு மட்டும் நானும் தெனம் ஆமென் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

பத்து வருஷமாக இதில் நான் தனி என்று நினைத்திருந்தேன். நான் கேட்பதை நிறுத்திய இரண்டு வருஷமும் எனக்குச் சேர்த்து இந்த மனுஷன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

வீடு போய்ச் சேர்வதற்குள் அவர் மூன்று பெயர் சொன்னார். மூன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று, அவருக்கு நன்றாகக் கேட்கும்படி, நடுத்தெருவில் கத்திச் சொன்னேன்.