மதிய சார்ஜ்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் கேட்டது கட்டுரை. மின்சாரப் பேருந்துப் பணிமனையின் கூரை முழுக்க சோலார் போட்டிருக்கிறார்கள், போய்ப் பார்த்து எழுதுங்கள் என்றார்கள். போனேன். சார்ஜ் போடும் பெண்ணிடம், "சோலார் வந்தது எப்படிங்க இருக்கு?" என்றேன்.

"கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம் சார்."

கரன்ட் பில்லைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். பெஞ்சில் முதுகைக் காட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர் அவள் புருஷன் என்று பிறகுதான் தெரிந்தது. கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

2

தொடக்கம் ஒன்று: 'சூரியனே பேருந்தை ஓட்டும் பொற்காலம்...' (வேண்டாம். மேடைப் பேச்சு.)

தொடக்கம் இரண்டு: முன்பெல்லாம் வண்டிகளுக்கு ராத்திரியில்தான் சார்ஜ். அவன் பகலெல்லாம் ரோட்டில், அவள் ராத்திரியெல்லாம் பணிமனையில். கேட்டில் வீட்டுச் சாவி கைமாறும். அதுதான் குடித்தனம். சண்டை போடக்கூட நேரமில்லாமல் பேச்சு நின்றுபோனது. அவள் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டாள்.

அது கிடைப்பதற்குள் சோலார் வந்து, சார்ஜ் மதியத்துக்கு மாறியது. இப்போது தினமும் ஒரு மணி நேரம் ஒரே கூரைக்கடியில் இருவரும். ஆளுக்கொரு டிபன் பாக்ஸ்.

3

(இந்த டிரைவர்மேல் எனக்குச் சந்தேகம். ஒருவன் இவ்வளவு ஊமையாகவா இருப்பான்? "நீ போயிட்டா நான்..." என்று ஒரு வசனம் எழுதி, அடித்துவிட்டேன். அவன் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை.*)

* நானும் இல்லை. என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

4

மாற்றல் வந்துவிட்டது. அவளுக்குக் கடைசி நாள். மதியம் பார்த்து மேகம் மூடிக்கொண்டது. வெயில் குறைந்தால் சோலாரிலிருந்து வெளி கரன்ட் லைனுக்கு மாற்றுவது அவள் வேலை. மாற்றவில்லை. சார்ஜ் ஊர்ந்து ஊர்ந்து ஏறியது.

"லைன் மாத்தலையா?" என்றான்.

"மறந்துட்டேன்."

அவளாவது மறப்பதாவது! அவன் பேருந்துப் படியில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறந்து நடுவில் வைத்தான்.

"நானே செஞ்சேன். உப்பு கம்மி."

"பரவால்ல."

இந்த ஒரு மதியம் போன வருஷம் வந்திருக்கக் கூடாதா?

5

முடிவு ஒன்று: அவள் மாற்றலை ரத்து செய்யச் சொல்லி... (பொய். அவள் இடத்துக்கு ஆள் வந்தாயிற்று.)

முடிவு இரண்டு: சார்ஜ் நிறைந்துவிட்டது. வெளியே பயணிகள் காத்திருக்கிறார்கள். கேபிளைக் கழற்றாமல் வண்டி நகராது. அதை அவள் மட்டும்தான் கழற்றலாம். கைப்பிடியில் கை வைத்தபடி நிற்கிறாள்.

"கழட்டட்டுமா?"

அவன் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவன் வாயில் வைத்து எழுதத்தான் வரவில்லை. உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிக் கேட்டுக்கொண்டு நிற்கலாம். நீங்களாவது கொஞ்சம் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.