மிஸ்ஸியின் மழைக்கோட்டு

பன்னிரண்டாம் கட்டைத் தோட்டத்தில் உள்ள முப்பத்தொரு வீடுகளும், ஆபத்து வந்தால் யாரை அழைப்பீர்கள் என்ற கேள்விக்கு சொன்னது ஒரே பெயரைத்தான்: தோட்டத்தார் மிஸ்ஸி என்று கூப்பிடும் தாதி பவானேஸ்வரி. அவள் இறந்து மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. அழைத்தால் வந்துகொண்டும் இருந்தாள்.

வெள்ளத்தில் பாதை அடைபட்டால் வெளியுதவி இல்லாமல் ஜனங்கள் எத்தனை நாள் தாங்குவார்கள் என்று கணக்கெடுக்க, மாவட்ட அலுவலகம் கணேஸ்வரனை அனுப்பியிருந்தது. அவர் பவானேஸ்வரியின் கணவர். அரிசி, விளக்கு, கிணறு என்று ஒழுங்காகக் குறித்துக்கொண்டு வந்தவருக்கு, ஆபத்தில் யாரை அழைப்பீர்கள் என்ற பதினான்காம் கேள்வியில் பேனா ஓடவில்லை.

"அவ இல்லையே, அக்கா," என்றார் முதல் வீட்டுப் பெரியநாயகியிடம்.

"செத்தது தெரியும்லா சார். தூக்குனதே நாங்கதானே? போன மழையில எம் மருமகளுக்கு வலி வந்துச்சு. தண்ணி பாலத்துக்கு மேல போச்சு, அம்புலன்ஸ் வரல. மிஸ்ஸிதான் மோட்டார்ல வந்தாங்க. புள்ளய எடுத்துக் குடுத்துட்டு, தேத்தண்ணிகூட குடிக்காம போய்ட்டாங்க."

கணேஸ்வரனுக்கு அப்போதுதான் விளங்கியது. பாயா ரும்புட்டில் உள்ள தன் வீட்டில் பூட்டிக் கிடக்கும் அவளுடைய மோட்டார் சைக்கிளின் சக்கரங்களில் சில காலைகளில் செம்மண் ஒட்டியிருக்கும், பெட்ரோல் குறைந்திருக்கும். பக்கத்து வீட்டுக் காந்தனைச் சந்தேகப்பட்டு அவர் பேச்சையே நிறுத்தியிருந்தார். ஊருக்கெல்லாம் ஓடுகிறவள் சொந்த வாசல்வரை வந்தும் தன்னை எட்டிப் பார்க்காமல் போகிறாள் என்பது அவரைச் சுட்டது. அவள் உயிர் பிரிந்த நேரத்தில் அவர் ஒரு கூட்டத்தில் கைப்பேசியின் ஒலியை அடக்கி வைத்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து பதினோரு அழைப்புகள். ஒரே ஒருமுறை முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டால் போதும் அவருக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நெஞ்சு வலிக்கிறதென்று படுத்துக்கொண்டு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வரவில்லை. மறு வாரம் காய்ச்சல் என்றார். அதற்கும் வரவில்லை. இல்லாத காய்ச்சலைச் சொல்லி மருத்துவ விடுப்புக்கு வந்த தோட்டத்து ஆட்களை இருபது வருடம் வாசலோடு திருப்பி அனுப்பியவள்; கட்டிய புருஷனின் பொய்க்கா ஏமாறுவாள்? அவர் கொஞ்சம் சிரித்தார். பிறகு வெகுநேரம் அழுதார்.

அறிக்கையில் தோட்டத்தின் தயார்நிலை 'திருப்தி' என்று எழுதினார். மருத்துவ உதவி என்ற இடத்திலிருந்த பெயரைப் பார்த்த மேலதிகாரி, இந்தத் தாதி இன்னும் வேலையில் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டார். இருக்கிறார் என்றார் கணேஸ்வரன். கையெழுத்தும் ஆனது.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் மோட்டாருக்குப் பெட்ரோல் நிரப்பி வைக்கிறார். எத்தனை சொன்னாலும் மழைக்கோட்டு எடுத்துப் போகாதவள் அவள். நனைந்து வாங்கிய காய்ச்சலில்தான் போனாள். நவம்பர் மழை பிடித்த அன்று புதுக் கோட்டு ஒன்றை மடித்து இருக்கையில் வைத்தார். மறுநாள் காலையில் அது துணிக்கொடியில் நீர் சொட்டத் தொங்கியது. உள்பக்கமும் காயட்டும் என்று அதைத் திருப்பிப் போட்டுவிட்டு அவர் வேலைக்குப் போனார்.